பள்ளிப் பிள்ளைகளைத் தொண்டுக்குக் கூட்டிப் போவது எப்படி: படித்துறையிலிருந்து பாஸ்போர்ட் வரை

பள்ளி ஆசிரியருக்கும், பெற்றோர் குழுவுக்கும், தெருவில் நாலு பிள்ளைகளைச் சேர்த்துக்கொண்டு ஏதாவது செய்ய நினைப்பவருக்கும் இதை எழுதுகிறேன். மேல்நிலைப் பள்ளி ஒன்றில் நாட்டு நலப்பணித் திட்ட அலுவலராக இருந்து, அம்பாசமுத்திரம் பக்கத்துப் படித்துறைகளிலும் குளக்கரைகளிலும் பிள்ளைகளோடு நின்றவன் நான். புதிதாக இறங்குகிறவர்கள் தடுக்கி விழுகிற இடம் பெரும்பாலும் ஒன்றுதான்: வரிசை. முதலில் பேனர் அடிக்கிறார்கள். பிறகு பிள்ளைகளைச் சேர்க்கிறார்கள், வேன் பேசுகிறார்கள். கடைசியில்தான் போகிற இடத்துக்கு போன் போடுகிறார்கள். இந்த வரிசையை அப்படியே திருப்பிப் போட வேண்டும்.

1. பிள்ளைகளிடம் வாயைத் திறக்கும் முன் இடத்துக்குப் போய்வாருங்கள்

தனியாகப் போங்கள். பிள்ளைகளைக் கூட்டி வரப்போகிற அதே நேரத்துக்குப் போங்கள். காலை ஆறரைக்குப் படித்துறை இருக்கும் லட்சணம் வேறு, பதினொரு மணிக்கு இருப்பது வேறு. குளிக்கிறவர்கள், துவைக்கிறவர்கள், திதி கொடுக்கிறவர்கள் எந்தெந்தப் படியில் இருக்கிறார்கள் என்பது அந்த நேரத்தில் நின்று பார்த்தால்தான் தெரியும்.

அங்கே இருப்பவரிடம் மூன்று கேள்வி கேளுங்கள். செய்யாமல் கிடக்கிற வேலை எது? இப்போது அதை யார் பார்க்கிறார்? நாங்கள் வந்து போன மறுநாள் உங்களுக்கு வேலை குறையுமா, கூடுமா? மூன்றாவது கேள்விக்குப் பதில் வரும்போது முகத்தைப் பாருங்கள்.

பாளையங்கோட்டைப் பக்கம் ஒரு முதியோர் இல்லத்துக்கு நான் முதலில் கொண்டுபோன பட்டியலில் பழம், பாட்டு, கோலப் போட்டி என்று இருந்தது. அங்கே பொறுப்பில் இருந்த அம்மா கடைசி வரை கேட்டுவிட்டு, "பழம் வேண்டாம் சார், பாதிப் பேருக்குச் சீனி. எழுத்து நல்லாருக்க பிள்ளையளா நாலு பேரை அனுப்புங்க" என்றார். வேண்டியிருந்தது என்னவென்றால், ஒவ்வொரு கட்டிலுக்கும் ஓர் அட்டை: காலை எந்த மாத்திரை, ராத்திரி எது என்று கொட்டை எழுத்தில். நர்ஸ் எழுதிக் கொடுத்ததைப் பார்த்து பிள்ளைகள் எழுத, நர்ஸ் மறுபடி சரிபார்த்து ஒட்டினார். இரண்டு மணி நேர வேலை. நான் பட்டியலோடு நாற்பது பேரைக் கூட்டிப் போயிருந்தால் அது வெளியே வந்திருக்காது.

2. ஓர் இடம், ஒரு வருடம்

மாதத்துக்கு ஓர் இடம் என்று சுற்றாதீர்கள். எந்த இடத்திலும் முதல் இரண்டு தடவை பிள்ளைகள் வேடிக்கைதான் பார்ப்பார்கள். மூன்றாவது தடவைதான் கை வேலைக்குப் போகும். இடத்துக்காரருக்கும் அப்போதுதான் உங்கள் மேல் நம்பிக்கை வரும்.

ஒரே இடம் என்றாலும் வருடம் முழுக்க ஒரே வேலை ஆகாது. நம் ஊர்ப் பருவத்தைப் பார்த்துத்தான் போட வேண்டும். ஆடி அமாவாசைக்குக் காரையாறு சொரிமுத்து அய்யனார் கோயிலில் கூட்டம் கூடும். அந்த நாட்களில் பள்ளிப் பிள்ளைகளை அங்கே கொண்டுபோய் நிறுத்துவதை நான் ஒப்புக்கொள்ள மாட்டேன். கூட்டத்தில் ஒரு பிள்ளை தவறினால் தேடுவதே அன்றைய தொண்டாகிவிடும். ஆவணி, புரட்டாசியில் பனம்பழம் விழும், அப்போது விதை ஊன்றலாம். ஐப்பசி, கார்த்திகையில் ஆற்றுப் பக்கமே வேண்டாம். மார்கழி பிறந்துவிட்டால் மழை முடிந்தது என்றும் எண்ண வேண்டாம். 2023 டிசம்பர் 17, 18 தேதிகளில் வந்த பெருவெள்ளத்தில் தாமிரபரணி என்ன செய்தது என்று இங்கே யாருக்கும் சொல்லித் தர வேண்டியதில்லை. அந்த மாதங்களுக்கு நூலகம், முதியோர் இல்லம், கணினி வேலை.

தை மாதத்துக்கு நல்ல வேலை ஒன்று இருக்கிறது. 2011 முதல் ஆண்டுதோறும் ஜனவரியில் தாமிரபரணி நீர்ப்பறவைகள் கணக்கெடுப்பு நடக்கிறது. மணிமுத்தாற்றில் உள்ள அகத்தியமலை மக்கள்சார் இயற்கைவளக் காப்பு மையம் முன்னின்று நடத்துகிறது. குளம் குளமாகப் போய் எண்ணுவார்கள். ஆர்வலர்களுக்கு முன்கூட்டியே பயிற்சி உண்டு. பயிற்சிக்கு வராத பிள்ளையைக் கணக்கெடுப்புக்குக் கூட்டிப் போகாதீர்கள். நத்தைகுத்தி நாரைக்கும் கூழைக்கடாவுக்கும் வித்தியாசம் தெரியாத பிள்ளை குறிப்பேட்டில் எழுதும் எண்ணால் யாருக்கும் பயனில்லை. சட்டை நிறமும் முக்கியம். பச்சை, காக்கி, பழுப்பு சரி. வெள்ளைச் சீருடையோடு கரையில் வரிசையாக நின்றால் எண்ண வேண்டிய பறவை எழும்பிப் போய்விடும். கூந்தன்குளத்தில் பறவைகளுக்காகத் தீபாவளிக்கு வெடி வெடிக்காமல் இருக்கும் ஊர்க்காரர்கள் இருக்கிறார்கள். அங்கே போய் நம் பிள்ளைகள் விசிலடித்தால் அடுத்த வருடம் ஊருக்குள் போக முகம் இருக்காது.

பங்குனி, சித்திரைக்கு ஒன்றும் போடாதீர்கள். பரீட்சையும் வெயிலும் போதும்.

3. கடிதம் யாருக்கு, எந்த வரிசையில்

முதலில் தலைமையாசிரியரிடம் எழுத்தில் அனுமதி. அதன் நகலை வைத்துத்தான் மற்ற கடிதங்கள்.

படித்துறை என்றால் அந்த ஊராட்சி, பேரூராட்சி அல்லது நகராட்சி. குளம் என்றால் அது யாருடைய குளம் என்று முதலில் தெரிய வேண்டும். 40 ஹெக்டேருக்கு மேல் ஆயக்கட்டு, அதாவது பாசன நிலம், உள்ள குளம் பொதுவாக நீர்வளத்துறையிடமும், அதற்குக் கீழே உள்ளது ஊராட்சி ஒன்றியத்திடமும் இருக்கும். கிராம நிர்வாக அலுவலரிடம் கேட்டால் ஒரு நிமிடத்தில் சொல்லிவிடுவார். தவறான அலுவலகத்துக்குப் போன கடிதம் மாதக்கணக்கில் அங்கேயே கிடக்கும்.

பாபநாசம் சோதனைச் சாவடிக்கு மேலே எங்கே போனாலும் அது களக்காடு முண்டந்துறை புலிகள் காப்பகம். வனத்துறை அனுமதி இல்லாமல் வேனைத் திருப்பி அனுப்பிவிடுவார்கள். அனுமதி கிடைத்தாலும் பிளாஸ்டிக் பையில் கட்டிய சாப்பாட்டோடு போகக் கூடாது.

உள்ளாட்சிக்கு எழுதும் கடிதத்தில் "தூய்மைப் பணி செய்ய அனுமதி வேண்டும்" என்பதோடு நிறுத்தாதீர்கள். குப்பை வண்டி எத்தனை மணிக்கு எந்த இடத்துக்கு வரும் என்று கேட்டு, பதிலை எழுத்தில் வாங்குங்கள். ஒரு தடவை நாங்கள் வாய்ச்சொல்லை நம்பினோம். எந்த ஊர் என்று சொல்லப் போவதில்லை. கட்டி வைத்த மூட்டைகளை மத்தியானம் வண்டி வந்து எடுக்கும் என்றார்கள். வரவில்லை. மறுநாளும் வரவில்லை. நாய் கிழித்தது, ஆடு மேய்ந்தது. நாலாம் நாள் தண்ணீர் கூடுதலாகத் திறந்துவிட, பாதி மூட்டை ஆற்றுக்கே திரும்பிப் போய்விட்டது. பிள்ளைகள் அதைப் பாலத்தில் நின்று பார்த்தார்கள். அதன் பிறகு வண்டி வந்து நின்றால்தான் முதல் சாக்கை விரிப்பது என்று வைத்துக்கொண்டேன்.

4. பிள்ளைகள், பெரியவர்கள், வீட்டார்

பத்துப் பிள்ளைகளுக்கு ஒரு பெரியவர். ஆற்றங்கரை என்றால் ஐந்துக்கு ஒருவர். பெண் பிள்ளைகள் இருந்தால் ஆசிரியை கட்டாயம். எந்த வேலையிலும் ஒரு பெரியவரும் ஒரு பிள்ளையும் தனியே இருக்கும்படி விடாதீர்கள். எப்போதும் இரண்டு பெரியவர். பிள்ளைக்கும் பாதுகாப்பு, பெரியவர் மேல் பேச்சு வராமலும் இருக்கும். 1098 என்ற குழந்தைகள் உதவி எண்ணை எல்லாப் பிள்ளைகளுக்கும் சொல்லி வையுங்கள், நோட்டின் முதல் பக்கத்தில் எழுதச் சொல்லுங்கள்.

பெற்றோர் ஒப்புதல் கடிதத்தில் கையெழுத்து மட்டும் வாங்கினால் போதாது. இழுப்பு, வலிப்பு, ஒவ்வாமை, சாப்பிடும் மருந்து, நீச்சல் தெரியுமா, கடைசியாகத் தடுப்பூசி போட்டது எப்போது என்று கேட்டு வாங்குங்கள். "எம் பிள்ளைக்கு ஒண்ணும் கிடையாது" என்று வாயால் சொல்பவர்கூடத் தாளில் கட்டம் போட்டுக் கேட்டால் உண்மையை எழுதிவிடுவார்.

சில வீடுகளில் "எம் பிள்ளைய குப்பை அள்ளவா பள்ளிக்கூடத்துக்கு அனுப்புதேன்?" என்று வருவார்கள். அந்தக் கோபத்தைத் தள்ளிவிடாதீர்கள். சில பள்ளிகளில் இந்த வேலை எப்போதும் யார் தலையில் விழுந்தது என்று இந்த ஊரில் எல்லோருக்கும் தெரியும். அவருக்கு வாயால் சமாதானம் சொல்வதை விட, ஆசிரியரும் அதே கையுறையைப் போட்டுக்கொண்டு குனிவதைப் பார்க்க வைப்பது மேல். முதல் நாளைக்கு அவரையே கூப்பிடுங்கள்.

குழு பிரிப்பதைப் பிள்ளைகள் கையில் விடாதீர்கள். விட்டால் தெருவாரியாகச் சேர்ந்துகொள்வார்கள். கையில் கட்டியிருக்கும் சாதிக் கயிற்றின் நிறத்தைப் பார்த்தாலே தெரிந்துவிடும். 2023-ல் நாங்குநேரியில் ஒரு மாணவனைச் சக மாணவர்களே சாதிவெறியில் வெட்டிய சம்பவத்துக்குப் பின் அமைத்த நீதிபதி சந்துரு குழு, 2024-ல் கொடுத்த அறிக்கையில் பள்ளிகளில் இந்தக் கயிறுகளே கூடாது என்று பரிந்துரைத்தது. சீட்டுக் குலுக்கிப் போடுங்கள். சாக்குப் பிடிப்பது, பொறுக்குவது, எழுதுவது, தண்ணீர் கொடுப்பது என்ற நாலு வேலையையும் அரை மணிக்கு ஒரு தடவை மாற்றுங்கள். எழுதுகிற வேலை எப்போதும் ஒரே பிள்ளைக்கும் சாக்கு எப்போதும் இன்னொரு பிள்ளைக்கும் போனால், நீங்கள் நடத்துவது தொண்டே அல்ல.

5. சாமான்

கையுறை தோட்ட வேலைக்கு உள்ள தடித்த ரகம். ஆஸ்பத்திரியில் போடும் மெல்லிய ரகம் முதல் கண்ணாடித் துண்டிலேயே கிழியும். காலுக்கு வாரில்லாத செருப்பு கூடவே கூடாது. பாசிப் படியில் முதலில் வழுக்குவது அதுதான். சாக்கு பழைய அரிசிச் சாக்காக இருக்கட்டும். நீளக் கம்பில் கட்டிய தொரட்டி இரண்டு, இடுக்கி இரண்டு, மூடியுள்ள காலி பெயிண்ட் வாளி ஒன்று. வாளி எதற்கு என்று பிறகு சொல்கிறேன்.

முதலுதவிப் பெட்டி, பிள்ளைக்கு ஒரு லிட்டர் குடிநீர், ஓ.ஆர்.எஸ். பாக்கெட். ஒரு லிட்டருக்கான பாக்கெட்டை முழு லிட்டரில்தான் கரைக்க வேண்டும். டம்ளரில் கொட்டிக் கொடுக்கக் கூடாது. பக்கத்தில் பூட்டாத கழிப்பறை எங்கே என்று முன்பே பார்த்து வைத்துக்கொள்ளுங்கள். பெண் பிள்ளைகள் இரண்டாம் தடவை வராமல் போவதற்குக் காரணம் பல சமயம் இதுதான், வாய்விட்டுச் சொல்ல மாட்டார்கள்.

6. படித்துறை நாள்

முந்தின நாள் சாயங்காலமே பாபநாசம், மணிமுத்தாறு அணைகளில் தண்ணீர் திறப்பு எவ்வளவு என்று விசாரியுங்கள். நம் ஊரில் ஒரு சொட்டு மழை இல்லாமல் ஆறு முழங்கால் ஏறும். கூடுதலாகத் திறக்கப் போவதாகக் காதில் விழுந்தால் ரத்து செய்துவிடுங்கள், யோசிக்கவே வேண்டாம்.

ஆறே காலுக்குக் கூடி, ஆறரைக்குத் தொடங்கி, எட்டரைக்கு நிறுத்துங்கள். வேலை பாக்கி இருந்தாலும் நிறுத்துங்கள். சறுக்கலும் வெட்டும் அதற்குப் பிறகுதான் நடக்கும்.

காலில் புண் உள்ள பிள்ளை தண்ணீர் பக்கம் போகக் கூடாது. எலிக் காய்ச்சல் அந்த வழியாக ஏறும். அந்தப் பிள்ளைக்கு நோட்டு வேலை கொடுங்கள். மற்றவர்களுக்கும் எல்லை கடைசிப் படி. அதற்குக் கீழே பெரியவர் மட்டும்.

பாபநாசத்திலும் அதைச் சுற்றியுள்ள துறைகளிலும் பிளாஸ்டிக்கை விடத் துணிதான் அதிகம். பரிகாரம் என்று குளித்த துணியை ஆற்றோடு விட்டுவிடுகிறார்கள். சேலை கல்லுக்கடியில் சிக்கி, மணல் ஏறி, பாறை மாதிரி ஆகிவிடும். இதைக் கையால் இழுக்கக் கூடாது. இழுத்துக்கொண்டே இருக்கும்போது சட்டென்று விட்டுவிடும், இழுத்தவர் மல்லாந்து விழுவார். தொரட்டியைக் கொக்கியாக மாட்டி, ஒரு முனை வெளியே வந்ததும் பாக்கியை அரிவாளால் அறுத்து எடுக்க வேண்டும். அறுப்பது பெரியவர். எடுத்த துணியை உடனே சாக்கில் திணிக்காமல் மேல்படியில் அரை மணி நேரம் வடிய விடுங்கள். ஈரச் சேலை பத்தை ஒரு சாக்கில் போட்டால் நாலு பேர் சேர்ந்தாலும் படியேற்ற முடியாது. எங்களுக்கு இதைச் சொல்லித் தந்தது ஒரு தூய்மைப் பணியாளர். "சாக்கை முக்காலுக்கு மேல ரொப்பாதிய அண்ணாச்சி, வாயைக் கட்ட முடியாது, வண்டியில எறிஞ்சா பிஞ்சிரும்" என்றார். அதையும் எழுதிக்கொள்ளுங்கள்.

உடைந்த பாட்டில், ஊசி, பிளேடு கண்ணில் பட்டால் பிள்ளை தொடாமல் கையைத் தூக்க வேண்டும். பெரியவர் இடுக்கியால் எடுத்துப் பெயிண்ட் வாளியில் போட்டு மூடுவார். வாளியைத் தனியாகக் கொடுத்து, உள்ளே என்ன இருக்கிறது என்று வண்டிக்காரரிடம் சொல்லிவிடுங்கள். சாக்கில் கலந்துவிட்டால் வெட்டுப்படுவது அவர் கை.

இன்னொன்று யாரும் சொல்லித் தருவதில்லை. ஆற்றோரம் கண்ணாடி உடைந்த சாமி படம் நிறையக் கிடக்கும். எங்கள் பையன் ஒருவன் முருகன் படத்தைச் செருப்போடு சேர்த்துச் சாக்கில் போட, குளித்துக்கொண்டிருந்த ஒரு பெரியவர் ஈர வேட்டியோடு சண்டைக்கு வந்துவிட்டார். படத்துக்கென்று தனியே ஒரு பெட்டி வையுங்கள். கோயில் பூசாரியிடம் கேட்டு அவர் சொல்கிற இடத்தில் சேர்த்துவிடுங்கள். திதி நடக்கிற படிக்கு அது முடிந்த பிறகு போங்கள். பெண்கள் குளிக்கிற பக்கம் ஆசிரியையும் பெண் பிள்ளைகளும் மட்டும். அந்தப் பக்கம் கேமராவே போகக் கூடாது.

முடிந்ததும் சோப்புப் போட்டுக் கை கால் கழுவி, பிறகுதான் இட்லிப் பொட்டலம்.

7. பனை விதை

எளிது என்று எல்லோரும் இதில்தான் தொடங்குகிறார்கள். ஒரு சாண் குழி, பத்தடி இடைவெளி, வடகிழக்கு மழைக்கு முன் ஊன்றிவிட வேண்டும், மழை பாக்கியைப் பார்த்துக்கொள்ளும். மாட்டுத் தடத்தையும் மடைக்குப் பக்கத்தையும் விட்டுத் தள்ளி ஊன்றுங்கள்.

நாங்கள் செய்த பிழை வேறு. ஒரு குளக்கரையில் வரிசையாக ஊன்றி, ஒவ்வொன்றுக்கும் பக்கத்தில் குச்சி நட்டு, பிள்ளை பேரை எழுதி வைத்தோம். பொங்கலுக்கு முன்னால் போய்ப் பார்த்தால் குச்சி இருக்கிறது, கிழங்கைக் காணோம். எங்கே தோண்டலாம் என்று நாங்களே அடையாளம் வைத்துக் கொடுத்திருக்கிறோம். அடுத்த வருடம் குச்சி நடவில்லை; ஊர்ப் பெரியவர்களைக் கூப்பிட்டு முதல் பத்து விதையை அவர்கள் கையால் போட வைத்தோம். அது நின்றது.

8. மனிதர்கள் இருக்கும் இடம்

முதியோர் இல்லத்துக்கு ஒரே நேரத்தில் எட்டுப் பேருக்கு மேல் வேண்டாம். ஒரு பிள்ளைக்கு ஒரு தாத்தாவோ ஆச்சியோ, வருடம் முழுக்க அதே ஆள். செய்தித்தாள் வாசிப்பது, கடிதம் எழுதிக் கொடுப்பது, போனில் பேரனைக் கூப்பிட்டுக் கொடுப்பது. வரும் தேதியை முதலிலேயே சொல்லிவிட வேண்டும், சொன்ன தேதிக்குப் போக வேண்டும். "போன வருசமும் இப்படித்தான் வந்தாவ, பாடுனாவ, போய்ட்டாவ" என்று ஓர் ஆச்சி எங்கள் முகத்துக்கு நேரே சொன்னார். போன வருடம் வந்தது நாங்கள்தான்.

பிள்ளைகள் காப்பகத்துக்குப் பள்ளிப் பிள்ளைகளை நான் கூட்டிப் போவதை நிறுத்திவிட்டேன். தன் வயதுப் பிள்ளை பிறந்தநாள் கேக்கோடு வந்து ஒரு மணி நேரம் சிரித்துவிட்டுப் போவதை வாரம் தவறாமல் பார்க்கிற பிள்ளையின் நிலையை நினைத்துப் பாருங்கள். உதவ வேண்டுமென்றால் காப்பகப் பொறுப்பாளரிடம் கேட்டுத் தேவையான பாடப்புத்தகத்தையோ காலணியையோ வாங்கிக் கொடுங்கள். அதையும் மீறிப் போவீர்களானால் படம் எடுக்காதீர்கள். 2015-ஆம் ஆண்டு இளைஞர் நீதிச் சட்டத்தின் 74-ஆம் பிரிவுப்படி, பராமரிப்பில் இருக்கும் குழந்தையை அடையாளம் காட்டும் படத்தையோ பெயரையோ வெளியிடுவது குற்றம். ஆறு மாதம் வரை சிறை அல்லது இரண்டு லட்சம் ரூபாய் வரை அபராதம், அல்லது இரண்டும். வாட்ஸ்அப் ஸ்டேட்டஸும் வெளியீடுதான்.

9. நோட்டும் சான்றிதழும்

ஒவ்வொரு நாளுக்கும் பிள்ளை மூன்று வரி எழுத வேண்டும்: என்ன செய்தேன், யாருக்கு ஆனது, என்ன பாக்கி. "மகிழ்ச்சியாக இருந்தது" என்று எழுதினால் திருப்பிக் கொடுத்துவிடுங்கள். மூன்றாவது வரிதான் அடுத்த மாத வேலைத் திட்டம்.

நாட்டு நலப்பணித் திட்டத்தில் கணக்கு ஆண்டுக்கு 120 மணி நேரம், இரண்டு ஆண்டில் 240, கூடவே ஏழு நாள் சிறப்பு முகாம். நேரத்தை நீங்கள் எழுதுங்கள், கையெழுத்தை இடத்துக்காரர் போடட்டும். வெளிநாட்டுக் கல்லூரிக்கு என்று இருநூறு மணி நேரத்துக்கு மொத்தமாகச் சான்றிதழ் கேட்டு பிளஸ் டூ கடைசியில் வரும் பெற்றோரிடம் நோட்டைக் கேளுங்கள். அதோடு பேச்சு முடிந்துவிடும்.

10. வெளிநாடு: கிளம்பும் முன்

இங்கே ஒரே இடத்தில் ஒரு வருடம் நிற்காத பிள்ளையை வெளிநாட்டுக்கு அனுப்பாதீர்கள். அங்கே போய்க் கற்றுக்கொள்ளட்டும் என்றால், கற்றுக்கொள்ளும் செலவு அந்த ஊர்க்காரர் தலையில் விழும்.

வயதை முதலில் பாருங்கள். ஐக்கிய நாடுகள் தொண்டர் திட்டத்தில் இணையவழி வேலைக்குக்கூட 18 வயது ஆக வேண்டும். பள்ளி வயதில் போக உள்ள வழி பள்ளிக் குழு, சாரணர் முகாம், ரோட்டரி இளைஞர் பரிமாற்றம் போன்றவை. இவை பெரும்பாலும் பார்த்துப் பழகும் பயணம், இடையில் கொஞ்சம் தொண்டு. அப்படியே சொல்லிவிடுங்கள், பிள்ளை ஏமாறாது.

பணம் வாங்கிக்கொண்டு கூட்டிப் போகும் நிறுவனங்களிடம் கேட்க வேண்டியது: இந்தக் கட்டணத்தில் அந்த ஊருக்குப் போவது எவ்வளவு? இந்த வேலையை அங்கே சம்பளத்துக்குச் செய்கிற ஆள் உண்டா? எங்களோடு வரும் பெரியவர்களின் காவல்துறைச் சான்றைக் கேட்பீர்களா? கடைசிக் கேள்விக்கு "அதெல்லாம் வேண்டாம்" என்று பதில் வந்தால் எழுந்து வந்துவிடுங்கள். நம் பிள்ளைகளின் பாதுகாப்பிலும் அவர்களுக்கு அவ்வளவுதான் அக்கறை இருக்கும்.

நான் பிள்ளைகளிடம் கேட்பது வேறு. நம் ஊர் ஒன்றாம் வகுப்புக்கு, தமிழே தெரியாத பதினைந்து வயது ஜெர்மன் பையன் இரண்டு வாரம் பாடம் எடுக்க வந்தால் உங்கள் அம்மா சம்மதிப்பாரா? வகுப்பே சிரிக்கும். சரி, அப்படியானால் நீங்கள் அங்கே போய் என்ன செய்யப் போகிறீர்கள் என்று கேட்டால் பேச்சு வேலைக்கு வரும்.

அனாதை இல்லத் தொண்டு என்று விளம்பரம் வந்தால் வேண்டவே வேண்டாம். கம்போடியா, நேபாளம் போன்ற நாடுகளில் இல்லங்களில் உள்ள பிள்ளைகளில் பெரும்பாலோருக்குப் பெற்றோரில் ஒருவராவது உயிரோடு இருக்கிறார். வெளிநாட்டார் காசோடு வருவதால்தான் பிள்ளைகளை வீட்டிலிருந்து பிரித்துக் கொண்டுவந்து சேர்க்கிற வேலையும் நடக்கிறது. 2019-ல் ஐ.நா. பொதுச்சபையே இந்தத் தொண்டுச் சுற்றுலாவைத் தடுக்கும்படி நாடுகளைக் கேட்டுத் தீர்மானம் போட்டது.

11. பாஸ்போர்ட்டும் விசாவும்

பயணத் தேதி முடிவாவதற்கு ஆறு மாதம் முன்பே தொடங்குங்கள். நம் பகுதி மதுரை மண்டல அலுவலகத்தின் கீழ் வருகிறது. சேவை மையம் திருநெல்வேலியிலேயே இருக்கிறது.

தாமதம் வருவது பெயரில். பிறப்புச் சான்றிதழில் "மு. செல்வி", ஆதாரில் "செல்வி", பள்ளிச் சான்றில் "செல்வி முத்தையா" என்று இருந்தால் நகராது. சில பிறப்புச் சான்றிதழில் பிள்ளையின் பெயரே இருக்காது. முதலில் மூன்றையும் ஒன்றாக்குங்கள், பிறகுதான் விண்ணப்பம். தலைப்பெழுத்தை விரித்து அப்பா பெயரைக் குடும்பப் பெயர்க் கட்டத்தில் போடுவது நல்லது. நமக்கு அப்படி ஒரு பெயர் கிடையாது என்று அந்தக் கட்டத்தைக் காலியாக விட்டால், ஐக்கிய அரபு அமீரகம் போன்ற நாடுகளின் சுற்றுலா விசாவில் ஒற்றைப் பெயர் பாஸ்போர்ட்டுக்குச் சிக்கல் வரலாம்.

18 வயதுக்குக் கீழே என்றால் இணைப்பு டி என்ற உறுதிமொழியில் அப்பா, அம்மா இருவரும் கையெழுத்துப் போட வேண்டும். அப்பா வளைகுடாவில் இருக்கும் வீடுகளில் இதுவே ஒரு மாதம் இழுக்கும். இருவரில் ஒருவரின் ஒப்புதல் கிடைக்கவில்லை, அல்லது அவர் பிரிந்திருக்கிறார் என்றால் இணைப்பு சி. சிறார் பாஸ்போர்ட் ஐந்து ஆண்டு அல்லது 18 வயது, எது முந்தியோ அதுவரை. 15 வயது ஆன பிள்ளைக்குப் பெரியவர் கட்டணம் கட்டிப் பத்தாண்டு பாஸ்போர்ட்டும் கேட்கலாம். திரும்பி வரும் நாளில் இருந்து ஆறு மாதமாவது செல்லுபடி இருக்கட்டும்.

சம்பளம் வாங்கவில்லை, எனவே சுற்றுலா விசா போதும் என்று நினைக்கிறார்கள். பல நாடுகளில் சம்பளமில்லாத தொண்டும் வேலைதான். பிள்ளைகள் என்ன செய்யப் போகிறார்கள் என்று ஒரு பத்தி எழுதித் தூதரகத்துக்கு அனுப்பி, எந்த விசா என்று எழுத்தில் பதில் வாங்குங்கள். நோட்டரி கையெழுத்திட்ட பெற்றோர் ஒப்புதல், மருத்துவக் காப்பீடு இரண்டும் பையில் இருக்க வேண்டும். ஆப்பிரிக்காவில் பல நாடுகளுக்கு மஞ்சள் காய்ச்சல் தடுப்பூசி வேண்டும். சான்று செல்லுபடியாவது ஊசி போட்டுப் பத்து நாள் கழித்துத்தான், கிளம்பும் வாரத்தில் போட்டுப் பிரயோசனமில்லை.

மொழிச் சிக்கல் வேண்டாம் என்றால் இலங்கை. மதுரையிலிருந்து கொழும்புக்கு விமானம் உண்டு. நாகப்பட்டினத்திலிருந்து காங்கேசன்துறைக்குக் கப்பலும் ஓடுகிறது; ஆனால் வடகிழக்குப் பருவமழையில் நிறுத்திவிடுவார்கள், அரையாண்டு விடுமுறைக்கு அதை நம்பித் திட்டம் போடாதீர்கள்.

12. வீட்டிலிருந்தே

காசும் விசாவும் இல்லாத பிள்ளைகளுக்கு நான் கொடுப்பது தமிழ் விக்கிமூலம். நாட்டுடைமையான நூல்களின் பக்கங்களை ஸ்கேன் செய்து அங்கே ஏற்றியிருக்கிறார்கள். கணினி தானாகப் படித்த எழுத்தில் பிழை மலிந்திருக்கும். பக்கப் படத்தைப் பார்த்துத் திருத்திக் கொடுத்தால் மலேசியாவிலும் கனடாவிலும் இருக்கிற பிள்ளை அதைத் தேடிப் படிக்க முடியும்.

பிள்ளைகள் தடுமாறுவது மூன்று இடத்தில். ரகரமும் துணைக்காலும் கணினிக்கு ஒன்று போலத் தெரியும். "பாரம்" என்று இருக்க வேண்டியது "பரரம்" என்று நிற்கும், வேகமாக வாசித்தால் கண் தாண்டிப் போய்விடும். எகர ஏகார, ஒகர ஓகாரக் குழப்பம் அடுத்தது. மூன்றாவது, பழைய நடையைப் பிழை என்று நினைத்து இன்றைய எழுத்துக்கு மாற்றுவது. படத்தில் இருப்பதே பக்கத்தில் இருக்க வேண்டும், ஆசிரியர் பிழையாக எழுதியிருந்தாலும்.

சிவப்பு என்றால் இன்னும் பார்க்காத பக்கம், மஞ்சள் என்றால் ஒருவர் மெய்ப்புப் பார்த்தது, பச்சை என்றால் இரண்டாமவர் சரிபார்த்தது. தான் மஞ்சளாக்கிய பக்கத்தைத் தானே பச்சையாக்க முடியாது. எனவே பிள்ளைகளை இரண்டிரண்டு பேராகச் சேர்த்துவிடுங்கள், இதற்கும் சீட்டுக் குலுக்கித்தான். கணக்குத் தொடங்கும்போது சொந்தப் பெயர், பள்ளிப் பெயர், பிறந்த தேதி எதையும் பயனர் பெயரில் வைக்க வேண்டாம். வாரத்துக்கு ஐந்து பக்கம் போதும். ஒரு பக்கம் முடிந்ததும் சேமித்துவிடச் சொல்லுங்கள். கார்த்திகை மழைக்கு எங்கள் பக்கம் கரண்ட் எப்போது போகும் என்று சொல்ல முடியாது.